யாரும் மிதிக்காத பாய்

பாயான் பாரு வட்டாரத்து அடுக்குமாடியில் துளசி என்று பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்கு விளங்காது. 'பிளாஸ்டிக் பை அக்கா' என்றால் கார் நிறுத்துமிடத்திலிருந்தே வீட்டைக் காட்டிவிடுவார்கள். அவள் முதன்முதலில் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்துப் பை பொறுக்கியதைக் கண்ட மேல்மாடிக்காரி ஒருத்தி, பாவம், சோற்றுக்கே வழியில்லை போலிருக்கிறது என்று நாலு வீட்டில் போய்ச் சொல்லி வைத்தாள். அது துளசியின் காதுக்கு வராமல் இருக்குமா? நேரே அவள் வாசலில் போய் நின்றாள்.

"சோறெல்லாம் இருக்குலா. பைதான் இல்ல. உன் வீட்டுல இருந்தா குடு."

மேல்மாடிக்காரியும் வேறு வழியில்லாமல் அடுப்படியிலிருந்து ஒரு கட்டுப் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு எந்த வீட்டிலும் பையைத் தூக்கி எறியாமல் துளசி வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள்.

பகலில் அவளுக்குச் சாப்பாட்டுக் கடை வளாகத்தில் மேசை துடைக்கிற வேலை. ஆட்கள் சாப்பாட்டைத் தாப்பாவ் பண்ணி, பையில் கட்டி எடுத்து வந்து, அங்கேயே உட்கார்ந்து பிரித்துத் தின்றுவிட்டுப் பையை மேசையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு எடுத்துப் போவதற்குத்தானே பையில் கட்டுவது, இங்கேயே தின்பதற்கு எதற்கடா பை என்று துளசி முணுமுணுப்பாள். முணுமுணுத்துக்கொண்டே அதை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்ததும் கறிக்குழம்பு வாடை போகச் சோப்புத்தூள் போட்டு அலசி, துணி காயும் மூங்கிலில் வரிசையாக மாட்டிவிடுவாள். காய்ந்ததும் கைப்பிடியையும் அடித்தையலையும் வெட்டிப் போட்டுவிட்டு, மீதியைச் சுருட்டிக் குறுக்கே நறுக்கினால் வளையம் வளையமாக வரும். வளையத்தில் வளையத்தைக் கோத்து இழுத்தால் நூல். நூலைப் பந்தாகச் சுற்றி, கொக்கி ஊசியால் பின்ன வேண்டியதுதான். கூடை, காய்கறி வாங்கும் பசார் பை, பூச்சட்டி உறை, கால்மிதி என்று எல்லாம் வரும். சொல்லிக்கொடுத்தவள் கீழ்வீட்டு இஸ்ஸதி. துளசியை அவள் 'காக்' என்பாள், மலாயில் அக்காவைச் சுருக்கிக் கூப்பிடும் விதம் அது. இஸ்ஸதி பொழுதுபோக்குக்காகக் கற்றுக்கொண்டு, ஒரு கூடையோடு அலுத்து விட்டுவிட்டாள். துளசி பிடித்ததை விடுகிற ரகம் இல்லை.

கல்யாணத்துக்கு முன்பே அவள் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனவள். பூதக்கண்ணாடிக்குக் கீழே முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டுகிற வேலை. கண் மங்கியதும், போய்வா என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டியவர்தான் சுகுமாரன். பெண்பிள்ளைகள் ஏறும்போது அவர் ஒவ்வொருத்தியையும் ஏதாவது சொல்லிச் சீண்டுவார். ஒருநாள் துளசியைப் பார்த்து, "என்னா, மூஞ்சி இன்னும் தூங்குதா?" என்று கேட்டார். "உங்க பஸ் ஓடுற வேகத்துக்கு மூஞ்சி முழிச்சு என்னா ஆகப்போகுது?" என்று இவள் திருப்பிக் கொடுத்தாள். பஸ் முழுக்கச் சிரித்தது. அந்த வாய்க்காகவே அவளைக் கட்டிக்கொண்டதாகச் சுகுமாரன் எப்போதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை பிறக்கவில்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர். அவ்வளவுதான் குடும்பம்.

சுகுமாரன் வருடம் தவறாமல் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவர். இனிப்புநீர், சர்க்கரை வியாதி, வந்த பிறகும் விடவில்லை. டாக்டர் சொன்னார், துளசி கத்தினாள், கேட்கிற ஆளா அவர்? இரண்டு தைப்பூசத்துக்கு முன்பு உச்சி வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு ஆடிக்கொண்டே நடந்தார். "இந்த வருஷம் சூடே தெரியலைலா, முருகன் தாங்கிக்கிட்டான்" என்று வீட்டுக்கு வந்து பெருமைப்பட்டார். துளசி தரையைப் பார்த்தாள். வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் ஈரமாக, சிவப்பாக, பாதி பாதியாகக் கால் தடம். இடது உள்ளங்கால் தோல் வெந்து உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. முருகன் தாங்கவில்லை. இனிப்புநீர் காலில் இருந்த உணர்ச்சியை எப்போதோ தின்று முடித்திருந்தது.

அந்தப் புண் ஆறவில்லை. மழைக்காலம் வருவதற்குள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மொத்த உடம்பையும் தாங்கித் தாங்கி, வலது குதிகாலிலும் அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே ஒரு புண் திறந்தது. பார்க்கலாம் என்றார் டாக்டர். டாக்டர்கள் பார்க்கலாம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று துளசிக்கு இந்நேரம் தெரிந்திருந்தது.

அந்தத் தைப்பூசத்தன்று அவள் தனியாகத் தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் போனாள். மேலே ஏறவில்லை. அவர் ஏற முடியாத படியில் எனக்கென்ன வேலை என்று கீழேயே நின்று, அண்ணாந்து பார்த்துச் சண்டை போட்டாள்.

"உன் ரோட்டுல நடந்துதானே அவருக்கு ஒரு காலு போச்சு? நான் கேட்டேனா, ஏன்னு? இன்னொண்ண மட்டும் விட்டுடு. அடுத்த வருஷம் உன்கிட்ட வர்றவங்க காலு சுடாம நான் பாய் விரிக்கிறேன். என் கையால பின்னி விரிக்கிறேன். சொல்லிட்டேன்."

பக்கத்தில் நின்றவர்கள் ஒருமாதிரிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

வேண்டுதல் என்று வந்துவிட்டால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. சாமிக்கு நேர்ந்ததை நாம் முதலில் புழங்கக் கூடாது. படையலை ருசி பார்த்துவிட்டு வைப்போமா? அதைப் போலத்தான். பாயில் முதலில் படுகிற கால் காவடி எடுத்தவனின் காலாக இருக்க வேண்டும். அதுவரை யாரும் மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாது, கவுச்சி படக் கூடாது. துளசி அந்த வருடம் முழுக்க மரக்கறிதான் சாப்பிட்டாள்.

பையையும் கண்டபடி எடுக்கவில்லை. முருகனுக்கு மயில் நிறமாக இருக்க வேண்டாமா? பக்கத்துப் பேரங்காடி ஒன்றில் பச்சை நிறத்தில், இலைப் படம் போட்டுப் புதுவிதமான பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 'மெஸ்ரா ஆலாம்', இயற்கைக்கு இசைந்தது என்று அதில் அச்சடித்திருந்தது. தொட்டால் பட்டு மாதிரி வழுக்கும், ஊசியில் சிக்காது. துளசிக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது. மற்றப் பைகளையெல்லாம் கூடைக்கும் கால்மிதிக்கும் ஒதுக்கிவிட்டு, பச்சைப் பை, பச்சைப் பை என்று அடுக்குமாடி முழுக்கச் சொல்லி வைத்தாள். நல்ல பையாகப் பார்த்துப் பொறுக்கிச் சாமிக்கு வைத்தாள், பாவி.

வேண்டுதலுக்கு முன்பே, கை பழகுவதற்காகப் பின்னிய சின்னப் பாய் ஒன்று இருந்தது. லிட்டில் இந்தியா ஜவுளிக்கடைகளில் அந்தக் காலத்தில் கொடுத்த தடித்த பைகள், தீபாவளிக்குத் தீபாவளி சேர்ந்து மெத்தைக்கு அடியில் கிடந்தவை, அவற்றில் பின்னியது. சிவப்பும் மஞ்சளுமாகப் பார்க்கச் சகிக்காது. அதைச் சுகுமாரனின் கட்டிலுக்குக் கீழே போட்டிருந்தாள். காலையில் எழுந்து உட்கார்ந்ததும் அவர் ஒற்றைக் காலை அதில்தான் வைப்பார். தரை ஈரம் புண்ணில் படாமல் இருக்கும்.

"சாமிக்கு மட்டும் பச்சைப்பட்டு, புருசனுக்கு மாரியம்மன் கோயில் கொடி" என்று கிண்டல் செய்வார்.

"சாமி என் வாயில விழமாட்டாரு. நீங்க விழுவீங்க. அதுக்கு இது போதும்" என்பாள்.

தினமும் சாயங்காலம் அவள் அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல் இடுக்கு, குதிகால், கணுக்கால் என்று டார்ச் அடித்துப் பார்ப்பாள். புண் ஒருநாள் சுருங்கியது போலிருக்கும். மறுநாள் வாய் திறந்திருக்கும். புண் ஆற வேண்டுமானால் தினமும் முட்டையின் வெள்ளைக்கருவும் மீனும் கொடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கொடுத்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு முட்டையை அவித்துக் கொடுத்தாள்.

அங்கேதான் சிக்கல். வீடு என்பது ஒரு கூடம், ஓர் அறை, ஓர் அடுப்படி. மீன் பொரித்தால் சாமிப்படம் வரைக்கும் வாடை வரும். நேர்ந்துகொண்ட பாயை அந்தக் கவுச்சியில் எப்படி வைப்பது? முட்டையை நிறுத்தினால் கால் போகும். உள்ளே வைத்தால் வேண்டுதல் கெடும். யோசித்து யோசித்து, பாயைச் சுருள் சுருளாகச் சுற்றி மேற்குப் பக்கம் பார்த்த வெளி வராந்தாவில் தூக்கிக் கட்டினாள். மத்தியானத்திலிருந்து பொழுது சாயும் வரைக்கும் அங்கே வெயில் பொரியும். வெயில் சுத்தம் என்றுதான் அவள் நினைத்தாள்.

"காக், இவ்வளவு வெயில்ல தொங்க விடுறீங்களே. என் வீட்டுல வைங்களேன்" என்று இஸ்ஸதி ஒருமுறை கேட்டாள்.

"உன் வீட்டுல மட்டும் மீன் பொரிக்கலியா?" என்று துளசி சிரித்தாள்.

தைப்பூசத்தன்று காலையில் குணாளன் வேனைக் கொண்டுவந்தார். சுகுமாரனோடு பஸ் ஓட்டியவர், கோயிலுக்குப் போகிற ரோட்டில் வருடா வருடம் தண்ணீர்ப் பந்தல் போடுகிற கூட்டத்துக்குத் தலைவர். பந்தலுக்கு முன்னால் நிழலே இல்லாத ஒரு துண்டு ரோடு உண்டு. அங்கே விரிக்கலாம் என்று சொல்லியிருந்தார். சுருளைத் தோளில் தூக்கியதும் அவர் சட்டையில் பச்சையாக எதுவோ கொட்டியது.

"என்னாக்கா, பொடி உதிருது?"

"தூசிலா. வராந்தாவுல கிடந்துச்சுல்ல."

அவள் கை சுருளின் கட்டு வரைக்கும் போனது. ஆனால் பிரித்துப் பார்க்கவில்லை. காவடிக்கு முன்னால் விரிக்கக் கூடாதே. அவள் கிளம்பும்போது சுகுமாரன் சக்கர நாற்காலியில் வாசல் வரை வந்தார்.

"நல்லா இழுத்து விரி. மடிப்பு இருந்தா காவடிக்காரன் தடுக்கிடுவான்."

"எனக்குத் தெரியும். நீங்க காலைத் தூக்கி வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. மத்தியானம் இஸ்ஸதி வந்து பாப்பா."

வெயில் ஏறியதும் காவடிகள் வர ஆரம்பித்தன. துளசி சிலிப்பரைக் கழற்றித் தார் ரோட்டில் காலை வைத்துப் பார்த்தாள். சுரீர் என்றது. இந்தச் சூடு தெரியாமலா நடந்தார் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முருகா என்று சொல்லிச் சுருளை உருட்டிவிட்டாள்.

பாய் பாதிதான் விரிந்தது. வெயில் பட்ட வெளிச்சுற்று, அப்பளம் நொறுங்குகிற மாதிரிச் சடசடவென்று உடைந்து ரோட்டில் கொட்டியது. உள்சுற்று மட்டும் பாய் மாதிரியே கிடந்தது. அதற்குள் உறுமி மேளத்தோடு ஒரு காவடி வந்துவிட்டது. நல்ல உயரமான பையன், அலகு குத்தியிருந்தான். கூட வந்தவர்கள் அவன் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார்கள். அவன் பாயில் கால் வைத்தான். வைத்த இடம் அப்படியே பொத்துக்கொண்டது. இன்னொரு கால் வைத்தான், அதுவும் பொத்துக்கொண்டது. ஈரக் காலில் பச்சைச் சில்லு அப்பி, வழுக்கி, ஒரு கணம் காவடியே சாய்ந்தது. நாலு பேர் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்கள்.

"யாரும்மா இங்க குப்பையக் கொண்டாந்து கொட்டுனது?" என்று அந்தப் பையனின் தாய் அலறினாள். "அறிவு கிறிவு இருக்கா? என் பிள்ள விழுந்திருந்தா?"

துளசி தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாரத் தொடங்கினாள். வார வார விரலிடையில் பொடிந்தது. அதற்குள் அடுத்த காவடி வந்தது. குணாளன் துடைப்பத்தோடு ஓடிவந்து, அவளை ஓரமாக இழுத்து நிறுத்திவிட்டு மளமளவென்று கூட்டித் தள்ளினார்.

"அக்கா, இது வெயிலு பட்டா தானா உதிர்ந்து போறதுக்குன்னே செஞ்ச பையி. குப்பை சேரக் கூடாதுன்னு அப்படிச் செய்றாங்க. இலைப் படம் போட்டிருக்கே, பாக்கலியா? ஒரு தடவ மிதிச்சுப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே?"

மிதித்துப் பார்ப்பதா! அவள் என்னவென்று சொல்வாள்? மிதிக்கக் கூடாது என்றுதானே ஒரு வருடம் காத்தாள். உள்ளே வைத்திருந்தால் வெயில் பட்டிருக்காது. அந்த முட்டை வாடை இல்லாவிட்டால் உள்ளே வைத்திருப்பாள். எங்கே பிசகினோம் என்று திரும்பத் திரும்பத் தேடினாள். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. எல்லாம் சரியாகச் செய்தும் இப்படி ஆகுமென்றால் மனுஷி எங்கே போய் முட்டிக்கொள்வது? ஒரு வருட உழைப்பை ஒரு கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக் கட்டி, மரத்தடியில் வைத்தார்கள். அந்தப் பை என்னவோ தடியாக, உறுதியாகத்தான் இருந்தது.

வீடு திரும்பியபோது சுகுமாரன் கூடத்தில் காத்துக்கொண்டிருந்தார்.

"விரிச்சியா?"

"விரிச்சேன்."

"நடந்தாங்களா?"

"நடக்காம? எல்லாரும் நடந்தாங்க. ஒரு பையன் நின்னு ஆடிட்டே போனான்."

"குணாளன் என்னா சொன்னான்?"

"அடுத்த வருஷமும் போடணும்னாரு." சொல்லிவிட்டு அவள் வேகமாக அடுப்படிக்குப் போகத் திரும்பினாள்.

"துளசி. இங்க வா. காலைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டேன். தினமும் நீதானே எனக்குப் பாக்குற."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் குனிந்து அவள் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கால் சிவந்து கன்றியிருந்தது. விரலிடுக்கிலெல்லாம் பச்சைச் சில்லு. அவர் நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் சேர்த்தார். வெகுநேரம் எடுத்தார். அவளுக்குத் தாங்கவில்லை, முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"பாயி உதிர்ந்தா காலு உதிர்ந்திடுமா? கூறு இருக்கா உனக்கு?" என்றார் சுகுமாரன். சொன்னது என்னவோ கிண்டலாகத்தான். ஆனால் அவள் பாதத்தை மடியிலிருந்து இறக்கி விடவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் குதிகாலைக் கையுறையோடு அழுத்திப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்தார். புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது, காலை வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். துளசி, மருந்தில் பார்க்க முடியாதா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இன்னும் வெள்ளைக்கரு குடுக்கவா டாக்டர்? எத்தனை வேணும்னாலும் குடுக்குறேன்" என்றாள். அந்தப் பெண் டாக்டர் அவள் தோளைத் தொட்டார். "எடுத்துடுங்க டாக்டர்" என்று சொன்னது சுகுமாரன்தான்.

அந்தக் காலையும் வெட்டியது யாருடைய குற்றமும் இல்லை. பாய் உதிராமல் இருந்திருந்தாலும் எலும்பு எலும்புதான். இதைத் துளசிக்கு யாரும் சொல்லாமலில்லை. இஸ்ஸதி சொன்னாள், குணாளன் சொன்னார், சுகுமாரனும் சொன்னார். அவள் தலையாட்டினாள், ஒன்றையும் ஏற்கவில்லை. கதவுப் பிடியில் ஆட்கள் பழக்கத்தில் மாட்டிவிட்டுப் போன பைகளை அவிழ்க்காமல் அப்படியே குப்பையில் கொண்டுபோய்ப் போட்டாள். கொக்கி ஊசியை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. வராந்தாவைக் கழுவக் கழுவப் பச்சைத் தூள் வந்துகொண்டே இருந்தது. மக்கிப் போகும் என்றார்கள், எங்கே மக்குகிறது? சாமிப்படத்துச் சட்டத்தில், துணி மடிப்பில், ஒருநாள் அவள் சோற்றிலும் இருந்தது.

சுகுமாரனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இஸ்ஸதியின் புருஷன் ஹாஃபிஸும் குணாளனுமாகத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். கட்டிலுக்குக் கீழே அந்தச் சிவப்பு மஞ்சள் பாய் கிடந்தது. ஒரு வருடம் மிதிபட்டும் ஒரு கண்ணிகூட விடவில்லை. துளசி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று ஆவேசம் வந்தவள் போல எடுத்து இரண்டு கையாலும் பிய்த்தாள். அது இழுபட்டதே தவிர அறவில்லை. காலில் போட்டு மிதித்துக்கொண்டு இழுத்தாள்.

"கிழிஞ்சு தொலையேன்! நீ மட்டும் எதுக்கு இருக்க? கிழி!"

"துளசி, வுடு" என்றார் சுகுமாரன். "அது நல்ல பையி. நீ இறுக்கமாத்தான் பின்னியிருக்க."

அவள் அதை மூலையில் விட்டெறிந்தாள்.

மறுநாள் காலையில் அவரை எழுப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்துக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தாள். கை தன்பாட்டில் மூலையில் கிடந்த பாயை எடுத்து உதறி, கட்டிலுக்கு நேராக விரித்து, மடங்கிய முனையை நீவிவிட்டது. அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். விரித்து முடித்து அவர் காலை எடுத்து வைப்பதற்காகக் கையை நீட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நீட்டிய கையோடு அந்தப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள்.